ஊசி மேல் விழுந்த பழி

தபால் எழுந்தான். போர்வையை மடித்தான். பல் துலக்கினான். அடுப்பில் தண்ணீர் வைத்தான், டீ போட்டான். இரண்டு துண்டு ரொட்டியை வாட்டினான். ஒன்று கருகியது, அதை முதலில் தின்றான். சட்டைக்கு இஸ்திரி போட்டான், முன்பக்கம் மட்டும். பின்பக்கத்தை நாற்காலி பார்த்துக்கொள்ளும். மாடியிலிருந்து இறங்கித் தன் துப்பறியும் நிலையத்தைத் திறந்தான். மேஜையைத் துடைத்தான். தொலைபேசியை எடுத்துக் காதில் வைத்து, உயிர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வைத்தான். உட்கார்ந்தான். அன்றைய வேலை முடிந்தது.

தபால் என்பது கல்லூரியில் வைத்த பெயர். இன்று கேட்ட கேள்விக்கு நாளை மறுநாள் பதில் வரும் என்பதால். பட்டம் வாங்கியும் பெயர் மாறவில்லை, துப்பறியும் நிலையம் திறந்தும் மாறவில்லை. நிலையத்தின் சாதனைகளைச் சொல்ல அதிக நேரம் பிடிக்காது. காணாமல்போன ஒரு பூனையைத் தேடினார்கள். பூனையின் எஜமானியை இவர்கள் விசாரித்துக்கொண்டிருந்தபோதே பூனை ஜன்னல் வழியாகத் தானாக வந்து சோபாவில் உட்கார்ந்தது. நியாயமாகப் பார்த்தால் கட்டணம் பூனைக்குத்தான் போயிருக்க வேண்டும்.

சற்று நேரத்தில் ரேடியோ வந்தான். தபாலின் மனைவியின் தம்பி. அக்கா இறந்த மறு மாதம் ஒரு பெட்டியோடு வந்து, "மாமா, உங்களைப் பார்த்துக்கத்தான் வந்திருக்கேன்" என்றான். அன்றிலிருந்து அவன் துணியையும் சேர்த்துத் துவைப்பது தபால்தான். வாயை மூடும் பொத்தான் அவனுக்குக் கிடையாது; அதனால் ரேடியோ.

"மாமா, ராத்திரி பூரா யோசிச்சேன். நம்ம போர்டுல 'ரகசியம் காக்கப்படும்'னு எழுதியிருக்கு பாருங்க. அதான் நம்மளைப் பத்தி ஒரு பயலுக்கும் தெரியலை."

தபால் இதற்குப் பதில் தயாரித்துக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது. ஐம்பதை நெருங்கும் ஒரு பெண்மணி இறங்கினார். காலில் முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ். கையில் ஒரு குளிர்பெட்டி. அவருக்கு முன்னால் ஆட்டு வாடை உள்ளே வந்தது.

"துப்பறியறவர் யாரு?"

ரேடியோ தபாலைக் காட்டினான். "பார்த்தா அப்படித் தெரியாதுங்க. அதுதான் எங்க பலமே."

அவர் சிரிக்கவில்லை. "நான் கால்நடை டாக்டர். சாயந்திரம் பண்ணைக்கு ஒரு லாரி வருது. அறுபது ஆட்டை ஏத்திக்கிட்டுக் கசாப்புக்குப் போகப் போகுது. என் லைசென்ஸும் அதோட போயிடும். நான் தப்பு செய்யலைன்னா அதைக் கண்டுபிடிச்சுக் கொடுங்க. செஞ்சிருந்தா அதையும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க. ரெண்டுல ஒண்ணு எனக்குத் தெரிஞ்சாகணும்."

இப்படிப் பேசும் வாடிக்கையாளரைத் தபால் பார்த்ததில்லை. பொதுவாகவே வாடிக்கையாளரைப் பார்த்ததில்லை. சட்டென்று எழுந்துவிட்டான். சட்டையின் பின்பக்கத்தை ரேடியோ கையாலேயே நீவிவிட்டான்.

ஜீப்பில் குளிர்பெட்டி தபாலின் மடியில் உட்கார்ந்தது. டாக்டரம்மா ஓட்டிக்கொண்டே சொன்னார்.

"செம்மறிக்கு வழக்கமா ஒரு குட்டிதான். ஏன்னா உடம்புக்குள்ள ஒரு ஹார்மோன் இருந்துக்கிட்டு, 'ஒரு முட்டை போதும், நிறுத்து'ன்னு பிரேக் போடுது. நான் போடறது ஒரு தடுப்பூசி. கிருமியைக் காட்டிக்கொடுக்கற மாதிரி இது அந்த ஹார்மோனைக் காட்டிக்கொடுக்கும். உடம்பே அதை எதிரின்னு நினைச்சுச் சண்டைக்குப் போகும். பிரேக் தளரும். ஒண்ணுக்கு ரெண்டு முட்டை, ரெட்டைக் குட்டி."

"சொந்தக்காரனைப் போட்டுக்கொடுக்கற ஊசி" என்றான் ரேடியோ. "எங்க குடும்பத்துல அதுக்கு ஊசியே தேவைப்படறதில்லை டாக்டரம்மா."

"ஏழு வருஷமா இந்த ஊசியோடதான் குடும்பம் நடத்தறேன் தம்பி. இப்பத்தான் முதல் தடவையா ஒரு பெரிய பண்ணையில போட விட்டாங்க. ஒரு பட்டியில அறுபது ஆட்டுக்குப் போட்டேன். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு பட்டிக்குப் போடலை. முந்தாநாள் ஸ்கேன் பண்ணினோம். ஊசி போடாத பட்டியில ஏறக்குறைய எல்லாம் சினை. நான் போட்ட அறுபதும் காலி."

"எத்தனை காலி?" என்று கேட்டான் தபால்.

"அறுபதும்."

"ஒண்ணுகூட மிஞ்சலையா?"

"தம்பி, காது கேக்கும்ல உங்களுக்கு?"

அந்த 'அறுபதும்' மட்டும் தபாலின் தொண்டையில் மாட்டிய முள்ளைப் போல நின்றது. ஏன் என்று அவனுக்குத் தெரியவில்லை. தெரிய எப்படியும் மத்தியானம் ஆகும்.

பண்ணையில் தகரக் கூரை போட்ட கொட்டகைகள், கம்பி வேலி போட்ட பட்டிகள். ஊசி போட்ட அறுபது ஆடுகளும் கிழக்குப் பட்டியில் நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தன. சாயந்திரம் லாரி வருவது அவற்றுக்குத் தெரியாது. ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும் மஞ்சள், சிவப்பு, நீலம் என்று மூன்று நிறங்கள் ஒன்றன் மேல் ஒன்றாக அப்பியிருந்தன.

"இதென்ன, பெயிண்ட் கடையில விழுந்து புரண்டுச்சுங்களா?" என்றான் ரேடியோ.

"கிடாவோட மார்புல ஒரு பட்டை கட்டி அதுல வண்ணக் கட்டி ஒண்ணு வைப்போம். பெட்டையைச் சேர்ந்தா பின்னாடி கலர் ஒட்டிக்கும். எதை எது சேர்ந்துச்சுன்னு யாரும் உக்காந்து காவல் காக்க வேண்டாம்."

"மாமா! நம்ம தொழிலுக்கு மட்டும் இப்படி ஒரு கட்டி இருந்தா, எத்தனை புருஷன் பொண்டாட்டி கேஸை ஒரே நாள்ல முடிக்கலாம்!"

"நமக்கு எந்த கேஸும் வரலையேடா" என்றான் தபால்.

டாக்டரம்மா தொடர்ந்தார். "சினை பிடிக்கலைன்னா ரெண்டு மூணு வாரத்துல ஆடு மறுபடி பருவத்துக்கு வரும். அதுக்கு ஏத்த மாதிரி கட்டியோட கலரை மாத்திக்கிட்டே போவோம். ஊசி போடாத அந்தப் பட்டியைப் பாருங்க, அங்க விட்டது வேற கிடா. மஞ்சளோட நின்னுபோச்சு. முதல் தடவையே சினை. இங்க மூணு தடவையும் சேர்ந்திருக்கு. மூணு தடவையும் ஒண்ணும் நிக்கலை."

அதற்குள் பண்ணை முதலாளி ஆள் அனுப்பிக் கூப்பிட்டுவிட்டார்.

முதலாளி பெரிய ஆள். மேஜையும் பெரிது. இரண்டையும் விடப் பெரிது அவர் தலைக்கு மேல் மாட்டியிருந்த போட்டோ. அதில் முதலாளி ஒரு கொழுத்த செம்மறிக் கிடாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். கிடாவின் கழுத்தில் பித்தளைக் குமிழ் பதித்த சிவப்புத் தோல் பட்டை. கிடா அவர் தோளில் தலை சாய்த்திருந்தது. கல்யாண போட்டோ மாதிரியே இருந்தது. யார் மணமகன் என்பதில்தான் குழப்பம்.

"ஊசி போட்டாங்க, மலடாச்சு. இதுல துப்பு எங்க இருக்கு, நீங்க துலக்கறதுக்கு?" என்றார் முதலாளி. "ஒண்ணு சொல்லிடறேன். கிடா மேல குறை சொல்லிக்கிட்டு யாரும் வராதீங்க. என் மாப்பிள்ளை மாதிரி ஒரு கிடா இந்தப் பக்கத்துலயே கிடையாது."

"மருமகனைச் சொல்றீங்களா?" என்றான் ரேடியோ.

"கிடாவோட பேரே மாப்பிள்ளைதான்யா! சீசனுக்கு முன்னாடி டாக்டரம்மாவே டெஸ்ட் பண்ணி நூத்துக்கு நூறுன்னு சொன்னாங்க. கேட்டுக்கங்க."

டாக்டரம்மா தலையசைத்தார். "நானேதான் மைக்ராஸ்கோப்புல பார்த்தேன். கிடா மேல ஒரு குறையும் இல்லை."

"அப்புறம் என்ன? நாலு மணிக்கு லாரி, நாளைக்கு டாக்டரம்மா மேல புகார். மலட்டு ஆட்டுக்குத் தீவனம் போட்டு வளர்க்க நான் என்ன தர்மசத்திரமா நடத்தறேன்?"

வெளியே வந்ததும் ரேடியோ தண்ணீர்த் தொட்டியின் நிழலில் நின்று குரலைத் தாழ்த்தினான். அவன் குரலைத் தாழ்த்தினால் பக்கத்துக் கொட்டகைக்கு மட்டும்தான் கேட்கும்.

"மாமா, புட்டியை மாத்திட்டானுங்க. கேஸ் முடிஞ்சுது."

"அப்படி ஒரு ஊசி இருக்கா டாக்டரம்மா?" என்று கேட்டான் தபால். "போட்டா மலடாக்கற மாதிரி?"

"இருக்கு. ஆண் பன்றிக்குப் போடறது. அதுவும் ஹார்மோனைக் குறி வைக்கற ஊசிதான். ஆனா இது கீழ இருக்கற பிரேக்கைத் தளர்த்தும். அது மூளையிலிருந்து வர்ற முதல் உத்தரவையே தடுத்துடும். கடையை மொத்தமா மூடிடும்."

ரேடியோ வெற்றிச் சிரிப்புச் சிரித்தான். தபால் குளிர்பெட்டியைத் திறந்து, டாக்டரம்மா பத்திரப்படுத்தியிருந்த காலிப் புட்டிகளைப் பூதக்கண்ணாடியால் ஒவ்வொன்றாகப் பார்த்தான். அது ரேடியோ மலிவாகக் கிடைத்தது என்று வாங்கி வந்த பூதக்கண்ணாடி; சின்னதாகத் தெளிவாகத் தெரிவதையெல்லாம் பெரிதாக, மங்கலாகக் காட்டும். வெகு நேரம் பார்த்தான். விரலில் ரப்பர் மூடியின் மணம் ஒட்டிக்கொண்டதைத் தவிர வேறு பலன் இல்லை.

டாக்டரம்மா பொறுமையாக நின்றுவிட்டுச் சொன்னார். "அந்த ஊசி போட்டிருந்தா இந்த ஆடுங்க பருவத்துக்கே வந்திருக்காது தம்பி. கிடாவைக் கிட்டவே விட்டிருக்காது. பின்னாடி இத்தனை கலர் எப்படி வரும்?"

"இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே!" என்றான் ரேடியோ.

"அவர் அவ்வளவு ஆசையா பார்த்துக்கிட்டிருந்தாரு. கெடுக்க மனசு வரலை."

தபால் பூதக்கண்ணாடியைச் சட்டைப்பைக்குள் போட்டான். டாக்டரம்மா வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆடுகளைப் பார்த்தார்.

"எனக்கு வேற பயம். அளவு கூடிப்போச்சோன்னு. பிரேக் ரொம்பத் தளர்ந்து முட்டை தாறுமாறா வந்தா ஒண்ணுமே தங்காமப் போகலாம். அப்படின்னா முதலாளி சொல்றதுதான் சரி. இந்த அறுபதையும் கசாப்புக்கு அனுப்பறது அவரில்லை, நான்தான்."

அப்போதுதான் தபால் வந்து சேர்ந்தது.

"அறுபதும் காலின்னு சொன்னீங்களே" என்றான். "அளவு கூடினா சிலது கெடும், சிலது தப்பிக்கும். நாலஞ்சாவது மிஞ்சும். நான் எத்தனையோ விஷயத்துல தோத்திருக்கேன் டாக்டரம்மா. இவ்வளவு சுத்தமா தோத்ததில்லை. நடுவுல ஒரு பூனையாவது தானா வீடு வந்து சேர்ந்திடும்."

"என்ன பூனை?"

"அது வேற கேஸ்" என்றான் ரேடியோ பெருமையாக. "எங்க பெரிய கேஸ்."

"ஆடு பருவத்துக்கு வந்திருக்கு" என்றான் தபால். "கிடாவும் ஓடியாடி வேலை செஞ்சிருக்கு. பலன் மட்டும் துளிகூட இல்லை."

"நம்ம நிலையம் மாதிரி" என்றான் ரேடியோ.

"ஆமா, நம்ம நிலையம் மாதிரி. அப்படி ஒரு கிடா இருக்க முடியுமா டாக்டரம்மா?"

டாக்டரம்மா மெதுவாகத் திரும்பினார். "இருக்கு. பேரு தோழன். மாப்பிள்ளையோட கூடப்பிறந்த ரெட்டை. எனக்கு முன்னாடி இருந்த டாக்டர் அதுக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணியிருக்காரு. ஆசை, வேகம் எல்லாம் அப்படியே இருக்கும். குட்டி மட்டும் வராது. சீசன் ஆரம்பத்துல முதல்ல அதை உள்ளே விடுவோம். கிடா வாசனை பட்டா பெட்டைங்க எல்லாம் ஒண்ணா பருவத்துக்கு வரும். அப்புறம் தோழனை வெளிய எடுத்துட்டு மாப்பிள்ளையை விடுவோம்."

"எடுத்தீங்களா?"

"எடுத்தோம். மாப்பிள்ளை உள்ள போனதை நானே பார்த்தேன். கழுத்துல சிவப்புப் பட்டையோட போச்சு."

"அப்போ நீங்க பார்த்தது பட்டையை" என்றான் தபால்.

டாக்டரம்மா கிடாக் கொட்டகைப் பக்கம் நடக்க ஆரம்பித்தார். ரப்பர் பூட்ஸோடு அவ்வளவு வேகமாக நடக்க முடியும் என்று தபாலுக்குத் தெரியாது. இருவரும் பின்னால் ஓடினார்கள்.

கிடாக்களைப் பார்த்துக்கொள்பவர் அறுபது வயதுக்காரர். பக்கத்துப் பக்கத்துத் தடுப்புகளில் இரண்டு கிடாக்கள் நின்றன. ஒரே உயரம், ஒரே கொம்பு, ஒரே மூக்கு. ஒன்றின் கழுத்தில் சிவப்புப் பட்டை இருந்தது, மற்றதன் கழுத்து வெறுமையாக இருந்தது.

"பட்டை இல்லைன்னா பெத்த தாய்க்கே அடையாளம் தெரியாதுங்க" என்றார் கிடாக்காரர்.

"குணத்துல வித்தியாசம் இல்லையா அண்ணே?" என்று கேட்டான் தபால்.

"அதை ஏன் கேக்கறீங்க! முன்னாடி மாப்பிள்ளை முரடு, தோழன் சாது. இந்த சீசன்ல தலைகீழாப் போச்சு. பெட்டைங்களோட போய் வந்ததும் மாப்பிள்ளை அடங்கிட்டான். கல்யாணம் ஆனா ஆம்பளை அடங்கறது சகஜம்தானே? தோழனுக்குத்தான் பொறாமை. சும்மா கட்டிப்போட்டா யாருக்குத்தான் கோபம் வராது? தடுப்பை முட்டியே பிளந்துட்டான்."

"பாவம், அவனுக்கு ஒரு ஆறுதல் வார்த்தை சொல்ல ஆளில்லை" என்று ரேடியோ பட்டையில்லாத கிடாவின் தடுப்புக்குள் கையை நீட்டி அதன் நெற்றியைத் தடவப் போனான். அடுத்த கணம் தீவனத் தொட்டிக்குள் உட்கார்ந்திருந்தான். நடுவில் நடந்ததை யாரும் சரியாகப் பார்க்கவில்லை.

"மாமா" என்றான் தொட்டியிலிருந்து. "இது சாது இல்லை. எப்பவுமே சாதுவா இருந்ததும் இல்லை. என் இடுப்பு சாட்சி."

துப்பறியும் கதைகளில் இந்த இடத்தில் துப்பறிபவர் ஒருவர் காதோடு ஏதோ கேட்பது வழக்கம். தபாலும் குனிந்து கிடாக்காரரின் காதில் கேட்டான். கிடாக்காரருக்குக் காது மந்தம்.

"என்ன? பட்டையா?" என்று கொட்டகை அதிரக் கத்தினார். "கழட்டினோமே! போட்டோ எடுத்த அன்னைக்கு! முதலாளி நல்லாத் தொடைச்சு மெருகு போட்டுத் தரச் சொன்னாரு. கொடுத்துட்டு போட்டோக்காரருக்கு டீ வாங்கப் போயிட்டேன். திரும்பி வந்து பார்த்தா மாப்பிள்ளையைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு நிக்கறாரு! முதலாளிக்கு என்ன தைரியம்னு அசந்துபோயிட்டேன். மறுநாள்தான் மாப்பிள்ளையைப் பட்டியில விட்டோம்!"

ரகசியம் காக்கப்பட்டது அவ்வளவுதான்.

"இப்பவே போய்ச் சட்டையைப் பிடிச்சுக் கேக்கறேன்" என்றார் டாக்டரம்மா.

"கேட்டா, கிடாக்காரர் மாத்திட்டாருன்னு ஒரே வார்த்தையில முடிச்சிடுவாரு" என்றான் தபால். "அந்தப் பட்டையைக் கொஞ்சம் கழட்டுங்க அண்ணே."

லாரி நேரத்துக்கு வந்தது. ஓட்டுநர் பின்கதவைத் திறந்து பலகையைச் சாய்த்து வைத்தார். கிழக்குப் பட்டியில் முதல் வரிசை ஆடுகள் அதை வேடிக்கை பார்த்தன. முதலாளி ஆபீஸிலிருந்து இறங்கி வந்தார். லாரிக்குப் பக்கத்திலேயே இருந்த சின்னத் தடுப்பில் இரண்டு கிடாக்களும் நின்றுகொண்டிருந்தன. இரண்டு கழுத்திலும் ஒன்றும் இல்லை.

"பட்டை எங்க?" என்றார் முதலாளி. குரலில் பாதி காணாமல்போயிருந்தது.

"கழட்டிட்டோம் சார்" என்றான் தபால். "போறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ எடுத்துக்கறோம். உள்ளே மாட்டியிருக்கற மாதிரியே, நீங்க மாப்பிள்ளையைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு. எங்க நிலையத்துல மாட்டி வைப்போம். அங்க சுவர் மட்டும் நிறைய இருக்கு."

ரேடியோ இடுப்பைப் பிடித்தபடி போனை உயர்த்தினான். "சிரிங்க சார்."

"எனக்கு வேலை இருக்குய்யா."

"ஒரு போட்டோதானே முதலாளி, நானும் பக்கத்துல நின்னுக்கறேன்" என்றார் லாரி ஓட்டுநர், தலையை வாரிக்கொண்டே.

தபால் தடுப்பின் கதவைத் திறந்தான். முதல் கிடா மெதுவாக வந்தது. முதலாளியின் உள்ளங்கையில் மூக்கை வைத்து மோந்தது. முதலாளி தன்னை மறந்து அதன் நெற்றியைச் சொறிந்தார்.

"இதோ, இதுதான் மாப்பிள்ளை! எடுங்க போட்டோ!"

இரண்டாவது கிடா கதவருகே வந்தது. நின்றது. தலையைத் தாழ்த்தியது.

முதலாளி இருந்த இடத்தில் அவர் இல்லை. எல்லோரும் தேடியபோது லாரியின் முன்பக்கம், ஓட்டுநர் இருக்கையில், கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த உடம்புக்கு அது ஒரு சாதனை.

"சார்!" என்று கீழேயிருந்து கூப்பிட்டான் தபால். "மாப்பிள்ளை உங்க கையிலதானே இருந்துச்சு? அப்போ இது தோழன். ஆபரேஷன் ஆன சாது. கிடாக்காரருக்கே அடையாளம் தெரியலை. உங்க காலுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?"

நல்ல வசனம். அதைச் சொல்லி முடித்துவிட்டு ஒருக்களித்து நின்றது நல்ல தோரணையும்கூட. முதலாளி கிடைக்காத இரண்டாவது கிடா கொம்புக்கு எட்டியவனைத் தேர்ந்தெடுத்தது என்பதுதான் குறை. மீதி விளக்கத்தைத் தபால் சேற்றில் படுத்தபடியே சொன்னான்.

"சீசனுக்கு முன்னாடி... டாக்டரம்மா டெஸ்ட் பண்ணினது இதை. போட்டோவுக்கு நின்னது... அதை. பட்டை போன பக்கம்தான் எல்லாரும் போயிருக்கீங்க. நாங்க கிடாவைப் பத்திக் கேக்கறதுக்கு முன்னாடியே, கிடா மேல குறை சொல்லாதீங்கன்னு சொன்னீங்களே சார். அப்பவே எனக்குப் புரிஞ்சிருக்கணும். கொஞ்சம் லேட்டாகும் எனக்கு."

டாக்டரம்மா அதைக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. சாதுக் கிடாவின் அருகில் சேற்றில் மண்டியிட்டு, தொடைகளுக்கு நடுவில் கையை விட்டுத் தடவிக்கொண்டிருந்தார். கை நின்றது. மறுபடி தடவியது.

"தழும்பு இருக்கு" என்றார். "ரெண்டு பக்கமும்."

கிடாவின் முதுகில் நெற்றியை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். கிடா அசையாமல் நின்றது. அதுதான் அதன் குணம்.

லாரியின் ஜன்னல் கண்ணாடி பாதி இறங்கியது.

"போன வருஷம் ஒரு தடவை முட்டிடுச்சு" என்றார் முதலாளி. யாரையும் பார்க்கவில்லை. "ரெண்டு வாரம் குப்புறப் படுத்துக்கிட்டுத்தான் பண்ணையை நடத்தினேன். புதுப் பங்குதாரருங்க கிடாவோட போட்டோ அனுப்பச் சொன்னாங்க. தோழன் கழுத்துல பட்டையைக் கட்டி நின்னுட்டேன். மாத்திக் கட்டணும்னா அந்த முரடன்கிட்ட போகணும். அப்புறம் கட்டிக்கலாம்னு விட்டேன், மறந்துபோச்சு. சத்தியமா மறந்துபோச்சு. ஸ்கேன்ல அறுபதும் காலின்னதும்தான் ஞாபகமே வந்துச்சு."

"அப்பவே சொல்லியிருக்கலாமே சார்" என்றான் ரேடியோ.

"என்னன்னுய்யா சொல்றது? சொந்தக் கிடாவுக்குப் பயந்துட்டேன்னா? ஆடுங்க லாரி ஏறிட்டா யாரும் எதுவும் கேக்க மாட்டாங்கன்னு..."

டாக்டரம்மா எழுந்தார். முழங்காலிலிருந்து சேறு வழிந்தது. "அதுங்களோட என் ஏழு வருஷத்தையும் சேர்த்து ஏத்தப் பார்த்தீங்க."

முதலாளி கண்ணாடியை இன்னும் கொஞ்சம் இறக்கினார். "புகாரெல்லாம் கிடையாதும்மா. ஆடும் போகாது. தயவு செஞ்சு யாராவது அந்தக் கிடாவைக் கட்டுங்க. நான் இறங்கணும்."

"அப்போ என் லோடு?" என்றார் ஓட்டுநர்.

"காலியாப் போங்க அண்ணே" என்றான் ரேடியோ. "இந்த சீசன்ல இங்க எல்லாமே காலிதான்."

கிடாக்காரரும் ரேடியோவும் சேர்ந்து முரட்டுக் கிடாவைக் கட்டினார்கள். ரேடியோவின் பங்கு பெரும்பாலும் அறிவுரை. லாரி காலிப் பலகைகள் தடதடக்கக் கேட்டைத் தாண்டிப் போனது. டாக்டரம்மா அதைப் பார்க்கக்கூட இல்லை. குளிர்பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிழக்குப் பட்டிக்குள் போய்விட்டார். முதல் ஊசியின் வேகம் இந்நேரம் குறைந்திருக்கும். உண்மையான மாப்பிள்ளை உள்ளே போவதற்கு முன் அறுபதுக்கும் இன்னொரு ஊசி போட வேண்டும்.

தபாலும் ரேடியோவும் விடைபெறுவதற்காக வேலியோரம் போய் நின்றார்கள். அதற்குப் பிறகு நடந்ததை ரேடியோ பல இடங்களில் பல விதமாகச் சொல்லியிருக்கிறான். டீக்கடையில் சொல்லும்போது டாக்டரம்மா கைகூப்பினார். முடிவெட்டும் கடையில் சொல்லும்போது கண் கலங்கினார். அம்மாவிடம் போனில் சொன்னபோது, "இனிமே நீங்க ரெண்டு பேரும் எனக்குக் கூடப்பிறந்த தம்பிங்க" என்றே சொல்லிவிட்டார். அது அந்தக் குடும்பத்து வழக்கம். மகள் கடைசியாகச் சொன்னது என்று தபாலின் மாமியார் சொல்வதும் துக்கம் கேட்க வந்தவர்களைப் பொறுத்து நீளும், குறுகும். தபால் ஒருநாளும் மறுத்துப் பேசியதில்லை. அந்த அறையில் அப்போது இருந்தது அவன் மட்டும்தான். மனைவி ஜன்னலைக் கொஞ்சம் சாத்தச் சொன்னாள். சாத்திவிட்டுத் திரும்பினான்.

டாக்டரம்மா கைகூப்பவில்லை. ஒரு கையில் ஊசி, மறு கையில் மருந்துப் புட்டி, ஊசியின் மூடி பல்லுக்கு நடுவில். ஆடுகள் அவரைச் சுற்றி முன்னும் பின்னும் ஓடின. ஒன்றைப் பிடித்தால் ஒன்று நழுவியது. ஒருமுறை நிமிர்ந்து, வேலியில் சாய்ந்து நின்ற இருவரையும் பார்த்தார். மூடியைத் துப்பினார்.

"சும்மா நிக்காம ஆளுக்கொரு ஆட்டைப் பிடிங்க."